கேள்வி–பதில்: குலை விழும் வலுவில் ஒரு பருந்து

மலேசியாவின் பந்திங், சிப்பாங் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இரண்டு வரிசைக் கடைகளும் ஒரு மாரியம்மன் கோயிலும் ஒரு தமிழ்ப்பள்ளியும் கொண்ட சிற்றூர்கள் பல உண்டு. அவற்றில் ஒன்றிலிருந்து இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவையாக, அதாவது விமானத்தில் பறவை மோதுவதைப் பற்றியவையாக இருந்தன. விமானங்கள் தலைக்கு மேலே சக்கரத்தை விரித்தபடி இறங்குவதை நாள்தோறும் பார்க்கிற ஊர் அது என்பதால் இதில் வியப்பில்லை. நான் தோட்டத்தில் பிறந்தவன்; பிறகு இருபத்தெட்டு ஆண்டுகள் விமானப் பராமரிப்புக் கொட்டகையில் வேலை செய்தவன். ஆகவே இம்முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு, பறவை மோதலைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் ஓய்வுபெற்ற தோட்டத் தண்டல். சென்ற மாதம் பேரனுடன் சென்னையிலிருந்து திரும்பும்போது, தரையிறங்கச் சில நிமிடங்களே இருக்கையில் வலப்பக்கத்தில் ‘டொம்’ என்று ஒரு சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் கோழி இறகு தீய்ந்தது போன்ற வாடை வந்தது. விமானி எதுவுமே நடவாதது போல நேரே கொண்டுபோய் இறக்கிவிட்டார். பறவை அடித்துவிட்டது என்று பிறகுதான் சொன்னார்கள். மேலே ஏறி ஒரு சுற்று வந்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அல்லவா இறக்கியிருக்க வேண்டும்? அவர் அவசரப்பட்டுவிட்டாரா?

பதில்: அவசரப்படவில்லை, ஐயா. எனக்குத் தெரிந்தவரை அவர் செய்தது சரியான காரியம். ஆனால் உங்களுக்குத் தோன்றியதுதான் பெரும்பாலோருக்கும் தோன்றும்; விமானிகளுக்கே தோன்றியிருக்கிறது. ஆபத்து என்றால் தரையை விட்டு விலகி மேலே போவதுதான் பாதுகாப்பு என்று மனம் சொல்லும். பறவை மோதலில் அந்த எண்ணம் எப்போதும் பொருந்துவதில்லை.

வாடையிலிருந்து தொடங்குவோம். விமானத்துக்குள் நீங்கள் சுவாசிக்கும் காற்று, பெரும்பாலான பயணிகள் விமானங்களில், எஞ்சினின் உட்பகுதியில் அழுத்தப்பட்ட காற்றிலிருந்து ஒரு பங்கைப் பிரித்தெடுத்துக் குளிர்வித்து அனுப்பப்படுவது. பறவையின் ஒரு துண்டு எஞ்சினின் உள்மையத்துக்குள் புகுந்தால், அது கருகும் வாடை சில நொடிகளில் பயணிகளின் மூக்குக்கு வந்துவிடும். எனவே உங்கள் மூக்கு சொன்னது ஒரு முக்கியமான செய்தி: பறவை இறக்கையிலோ சக்கரத்திலோ படவில்லை, எஞ்சினுக்குள் போயிருக்கிறது.

இனி எஞ்சினின் நிலையைப் பாருங்கள். இறங்கிவரும் விமானத்துக்கு அதிக உந்துவிசை தேவையில்லை. முன்விசிறி, மேலேறும்போது சுழல்வதைவிட மெதுவாகச் சுழன்றுகொண்டிருக்கும். மெதுவாகச் சுழலும் விசிறித்தகட்டில் பறவை படும்போது அடியின் கடுமை குறைவு, இது நல்லது. ஆனால் அதே காரணத்தால் வேறொரு கெடுதலும் உண்டு. வேகமாகச் சுழலும் விசிறி தன்மேல் விழுந்ததை வெளிவட்டத்துக்கு வீசி எறிந்துவிடும். மெதுவாகச் சுழலும்போது அவ்வளவாக எறியாது, ஆகவே பறவையின் உடலில் கூடுதலான பங்கு உள்மையத்துக்குள் போகக்கூடும். உள்ளே விரல் நீளத் தகடுகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. அவற்றில் நான்கைந்து வளைந்தாலும், குறைந்த வேகத்தில் எஞ்சின் முனகிக்கொண்டு ஓடும். முழு உந்துவிசையைக் கேட்கும் அந்தக் கணத்தில்தான் உள்ளே காற்றோட்டம் குலைந்து, பீரங்கி வெடிப்பது போலச் சத்தமும் பின்புறம் நெருப்புமாக, விசை அற்றுப்போகும்.

விமானிகள் ‘கோ-அரவுண்ட்’ என்று சொல்வது, இறங்குவதைக் கைவிட்டு மீண்டும் மேலெழுவது. அதற்கு முழு உந்துவிசை வேண்டும். அடிபட்டதா இல்லையா என்று தெரியாத எஞ்சினிடம், தரைக்கு மிக அருகில், சக்கரங்களும் இறக்கைத் தட்டுகளும் விரிந்திருக்கும் நிலையில், அதிகபட்ச உழைப்பைக் கேட்பது அது. கையில் பிடிமானம் தளர்ந்த ஏணியில் ஏறலாமா, இருக்கும் படியிலிருந்து இறங்கிவிடலாமா என்பது போன்ற நிலை. ஓடுபாதை கண்முன்னே இருக்கிறது; விமானமோ அதை நோக்கிச் சீராக இறங்கிக்கொண்டிருக்கிறது. இறங்கிவிடுவதே மேல்.

இதற்கு மிகத் தெளிவான சான்று இத்தாலியில் இருக்கிறது. 2008 நவம்பர் 10 அன்று ஜெர்மனியின் ஹான் விமான நிலையத்திலிருந்து வந்த ரயன்ஏர் நிறுவனத்தின் போயிங் 737-800 விமானம், ரோம் நகரின் சாம்பினோ விமான நிலையத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. தரையைத் தொட ஏறத்தாழ 7 வினாடிகளே இருந்தபோது, நாகணவாய் இனத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகள் பெருங்கூட்டமாக எதிரே எழுந்தன. தலைமை விமானி மேலெழ முடிவு செய்தார். எஞ்சின்கள் வேகம் எடுத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் பறவைகள் இரண்டிலும் புகுந்தன. இரண்டும் விசை இழந்தன. மேலே போகவும் இயலாமல் மிதக்கவும் இயலாமல் விமானம் ஓடுபாதையில் பலமாக விழுந்தது. இடப்பக்கச் சக்கரக்கால் முறிந்தது. உள்ளே இருந்த 172 பேரும் உயிர் தப்பினார்கள். மேலெழ எடுத்த முடிவையும், விமான நிலையத்தின் பறவைக் கட்டுப்பாடு போதிய பயன் தராததையும், இத்தகைய வேளையில் என்ன செய்வது என்று விமானிகளுக்குத் தெளிவான வழிகாட்டுதலோ, திடுக்கிடும் கணத்தைச் சமாளிக்கும் பயிற்சியோ இல்லாததையும் இத்தாலிய விசாரணைக் குழு சேர்த்தே சுட்டிக்காட்டியது. விமானியை மட்டும் குற்றவாளியாக்காமல் விட்டது நியாயமான செயல் என்பது என் கருத்து. 7 வினாடி என்பது இந்தப் பத்தியின் முதல் இரண்டு வாக்கியங்களை வாசிக்கும் நேரம்.

எல்லா மோதலிலும் கண்ணை மூடிக்கொண்டு இறங்கிவிட வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. விமானம் சீராக இறங்கவில்லை என்றாலோ, ஓடுபாதையில் வேறு தடை இருந்தாலோ, பறவைகளைப் போதிய உயரத்திலேயே தொலைவில் கண்டுவிட்டாலோ, கணக்கு மாறும். ஆனால் உங்கள் விமானத்தில், நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அப்படி எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. ஒன்றும் நடவாதது போல அவர் இறக்கினார் என்றீர்களே, அதுவும் பயிற்சியின் விளைவுதான்.

கேள்வி: நான் இடைநிலைப்பள்ளி மாணவி. எங்கள் தோட்டத்தில் பறக்கிற பருந்து ஒரு கிலோகூட இருக்காது. விமானமோ அறுபது டன். இதில் எப்படி அது பாதிக்கப்படும்? அப்பாவிடம் கேட்டால் ‘வேகம்’ என்று மட்டும் சொல்கிறார்.

பதில்: அப்பா சொன்னது சரி, கணக்கை மட்டும் நாம் போடுவோம். இறங்கிவரும் பயணிகள் விமானம் மணிக்குச் சுமார் 260 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது; அதாவது வினாடிக்கு 72 மீட்டர். நம் வானத்தில் சாதாரணமாகக் காணும் செம்பருந்தின் எடையை 600 கிராம் என்று கொள்ளலாம். எடையில் பாதியை வேகத்தால் பெருக்கி, வருவதை மறுபடியும் அதே வேகத்தால் பெருக்கினால், ஏறத்தாழ 1,550 ஜூல் ஆற்றல் வருகிறது.

இந்த எண் உனக்கு ஒன்றும் சொல்லாமல் போகலாம். ஆனால் உன் அப்பாவுக்குச் சொல்லும். 20 கிலோ எடையுள்ள செம்பனைக் குலை ஒன்று 8 மீட்டர் உயர மரத்திலிருந்து கீழே விழும்போது தரையில் மோதும் ஆற்றலும் ஏறத்தாழ இதுவே. குலை வெட்டுகிறவர் ஏன் மரத்தடியில் நிற்காமல் கம்பு அரிவாளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு விலகி நிற்கிறார், ஏன் தலைக்கவசம் இல்லாமல் காட்டுக்குள் போகக் கூடாது என்கிறார்கள் என்று அவரிடம் கேட்டுப்பார். அந்தக் குலையின் அடி முழுவதும் உள்ளங்கை அகலத்தில் விழுவதாக நினைத்துக்கொள். விமானம் அறுபது டன்தான். ஆனால் அடி விழுவது அறுபது டன்மீது அல்ல, ஒரு விசிறித்தகட்டின் விளிம்பிலோ, விமானிக்கு முன்னாலுள்ள கண்ணாடியிலோ, இறக்கையின் மெல்லிய முன்விளிம்பிலோதான்.

வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதையும் குறித்துக்கொள். எடை இரட்டித்தால் இரண்டு மடங்குதான். அதனால்தான் சின்னஞ்சிறு மைனாவுக்கும் மரியாதை கொடுக்க வேண்டியிருக்கிறது, அதுவும் கூட்டமாக வந்தால்.

விமானம் கட்டுகிறவர்களுக்கு இது தெரியாததல்ல. விமானியின் முன்கண்ணாடி, பல அடுக்குகளாகக் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் ஒட்டிச் செய்யப்பட்டது, 1.8 கிலோ பறவையின் மோதலைத் தாங்க வேண்டும் என்பது விதி. இதைச் சோதிக்க, அழுத்தக் காற்றால் இயங்கும் பீரங்கியில் செத்த கோழியை வைத்துச் சுடுவார்கள்; இப்போது கோழிக்குப் பதிலாகக் கூழ் உருண்டைகளையும் பயன்படுத்துகிறார்கள். எஞ்சினுக்கு இரண்டு வகைச் சோதனை உண்டு. நடுத்தரப் பறவைகள் கூட்டமாகப் புகுந்தால் அது தொடர்ந்து போதிய விசை தர வேண்டும். எஞ்சினின் வாய் அளவைப் பொறுத்து 1.85 முதல் 3.65 கிலோ வரையுள்ள ஒற்றைப் பெரும்பறவை புகுந்தால், அது ஓட வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை. தீப்பற்றாமல், தகடுகள் உறையைக் கிழித்து வெளியே பாயாமல், ஒழுங்காக நின்றுபோனால் போதும். ஒரு எஞ்சின் போனால் மற்றொன்று இருக்கிறது என்பதே இதன் அடிப்படை. இரண்டிலும் ஒரே நேரத்தில் பறவை புகுவதுதான் இந்தக் கணக்கு தடுமாறும் இடம்.

கேள்வி: எஞ்சினுக்கு முன்னால் ஒரு கம்பிவலை போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே! இவ்வளவு படித்தவர்களுக்கு இது தோன்றவில்லையா?

பதில்: தோன்றியது, கைவிட்டார்கள். குலை கணக்கை மேலே பார்த்தீர்கள். அந்த அடியைத் தாங்கும் வலை தடித்த கம்பியால் இருக்க வேண்டும். அது எஞ்சினுக்குப் போகும் காற்றை மறிக்கும், குலைக்கும். உயரத்தில் அதன்மேல் பனி படியும். ஒருநாள் வலையே பிய்ந்தால் பறவையோடு கம்பியும் உள்ளே போகும். பறவை மென்மையானது, கம்பி அப்படியல்ல.

கேள்வி: எஞ்சின் நடுவில் வெள்ளைச் சுருள்கோடு வரைந்திருக்கிறார்களே, அது பறவையை விரட்டத்தானே?

பதில்: அது முதன்மையாகத் தரையில் வேலை செய்கிறவர்களுக்காக. எஞ்சின் சுழல்கிறதா, நிற்கிறதா என்று இரைச்சலுக்கு நடுவே காதால் சொல்ல முடியாது; கோடு சுழன்றால் கிட்டே போகக் கூடாது. அந்தக் கோட்டைப் பார்த்து நானும் பலமுறை பின்வாங்கியிருக்கிறேன். பறவை விலகுகிறது என்று சிலர் நம்புகிறார்கள். நான் அதை நம்பி எந்த விமானத்தையும் அனுப்பமாட்டேன்.

கேள்வி: தென்கொரியாவில் நடந்த விபத்தில் பறவைதான் காரணம் என்கிறார்கள். நீங்கள் பறவை மோதினாலும் பெரும்பாலும் ஆபத்தில்லை என்று முன்பு ஒருமுறை எழுதியிருந்தீர்கள். எது சரி?

பதில்: இரண்டும் சரிதான், ஆனால் ‘பறவைதான்’ என்பதிலுள்ள ‘தான்’ எனக்கு உறுத்துகிறது. 2024 டிசம்பர் 29 காலையில், பாங்காக்கிலிருந்து முவான் விமான நிலையத்துக்கு வந்த ஜெஜு ஏர் நிறுவனத்தின் போயிங் 737-800 விமானம் இறங்கும் தறுவாயில் இருந்தபோது, பறவைகள் இருப்பதாகக் கட்டுப்பாட்டுக் கோபுரம் எச்சரித்தது. சில நிமிடங்களில் விமானி பறவை மோதியதாக அறிவித்து, அபாயக் குரல் கொடுத்து, மீண்டும் மேலெழுந்தார். பிறகு சக்கரங்கள் விரியாத நிலையில், விமானம் வயிற்றால் ஓடுபாதையில் இறங்கி, வழுக்கிக்கொண்டே போய், ஓடுபாதையின் கோடிக்கு அப்பால் இருந்த மண்மேட்டில் மோதியது. வழிகாட்டும் அலைக்கம்பங்களைத் தாங்குவதற்காக உள்ளே கான்கிரீட் வைத்துக் கட்டப்பட்ட மேடு அது. 181 பேரில் 179 பேர் இறந்தார்கள். இரண்டு எஞ்சின்களிலும் பைக்கால் கிளுவை என்னும் சிறு வாத்தினத்தின் இறகும் இரத்தக் கறையும் கிடைத்தன. குளிர்காலத்தில் கொரியாவுக்குப் பெருங்கூட்டமாக வலசை வரும் வாத்து அது.

பறவை இல்லாவிட்டால் இந்தத் துயரம் தொடங்கியிருக்காது. ஆனால் வயிற்றால் வழுக்கிவந்த விமானம் அந்த மேட்டை அடையும்வரை ஒரே துண்டாக இருந்தது என்பதைக் காணொளியில் எல்லோரும் பார்த்தோம். ஓடுபாதையின் கோடியில் நிற்பது எதுவானாலும், மோதினால் எளிதில் உடைந்து விழுவதாக இருக்க வேண்டும் என்பது விமானத் துறையின் பழைய பாடம். பறவை தொடங்கிவைக்கிறது, எங்கே போய் முடிகிறது என்பதை மனிதர் கட்டிவைத்தவையும் தீர்மானிக்கின்றன. எந்தப் பெரிய விபத்தையும் ஒற்றைச் சொல்லில் சொல்கிறவரை நான் நம்புவதில்லை.

எண்ணிக்கையில் பார்த்தால், உலகெங்கும் ஆண்டுதோறும் பல ஆயிரம் மோதல்கள் பதிவாகின்றன. மிகப் பெரும்பாலானவற்றில் துடைத்துவிட்டுச் சோதித்துவிட்டு விமானத்தை மறுபடி அனுப்பிவிடுகிறார்கள். அமெரிக்காவில் 1990 முதல் சேர்க்கப்பட்டுவரும் பதிவுகளில், பயணிகள் விமானங்களைப் பொறுத்தவரை ஏறத்தாழ பத்தில் ஆறு மோதல்கள் இறங்கிவரும் கட்டத்திலும் தரையோட்டத்திலும் நடந்தவை. காரணம் எளிது. மேலேறும் விமானம் கூடுதல் சரிவில் விரைவாகப் பறவைகளின் உயரத்தைக் கடந்து போய்விடும். இறங்கும் விமானமோ மூன்று பாகைச் சரிவில் மெல்ல இறங்குகிறது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 52 மீட்டர்தான் தாழும். கடைசிப் பத்துக் கிலோமீட்டர் தூரமும், அதாவது இரண்டேகால் நிமிடமும், அது பறவைகளின் உயரத்திலேயே இருக்கிறது. எஞ்சினும் அடங்கி ஒலிப்பதால் முன்னாலிருக்கும் பறவைக்கு ஓசை முன்கூட்டி எட்டுவதில்லை. வருவது எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பதைப் பறவை நன்றாக மதிப்பிடுவதில்லை, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையே பார்க்கிறது. முப்பது மீட்டரில் எழுந்து விலகலாம் என்று அது நினைத்தால், நம் விமானம் அந்தத் தூரத்தை அரை வினாடிக்குள் கடந்துவிடும். மாட்டுவண்டிக்கும் மோட்டார்சைக்கிளுக்கும் விலகிப் பழகிய உயிரிடம் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

கேள்வி: ஐயா, அமாவாசைக்கு அமாவாசை மாமியாருக்காகக் காக்கைக்குச் சோறு வைக்கிறேன். விமானம் இறங்கும் பாதையில் இருக்கும் ஊரில் இப்படிச் செய்யக் கூடாது என்று பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) ஒருவர் சண்டைக்கு வருகிறார். நான் பாவம் செய்கிறேனா?

பதில்: இல்லை அம்மா, தொடர்ந்து வையுங்கள். மதில்மேல் வைக்கும் ஒரு பிடிச் சோற்றை நான்கு காக்கைகள் இரண்டு நிமிடத்தில் தின்றுவிட்டுப் போய்விடும். அதற்காக ஒரு பறவைகூடப் புதிதாக ஊருக்குக் குடிவராது. மிச்சத்தை மட்டும் வாசலில் கிடக்கவிடாதீர்கள்.

சண்டைக்கு வருகிறவரிடம் நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இரவுச் சந்தை முடிந்த மறுநாள் காலையில் திடலின் ஓரத்தில் கிடக்கும் கோழிக்குடலையும் மீன்செதிலையும் பார்த்திருக்கிறாரா? கலியாண மண்டபத்துக்குப் பின்னால் மூடியில்லாத தொட்டியில் வழியும் இலைகளைப் பார்த்திருக்கிறாரா? ஒருநாள் காலை ஏழு மணிக்கு நான் அந்தத் திடலில் நின்று எண்ணிப் பார்த்தேன். தொட்டியின் மேலேயும் அருகிலிருந்த மின்கம்பியிலுமாக எழுபதுக்கும் மேற்பட்ட காக்கைகள். வானத்தில் வட்டமிட்டபடி மூன்று பருந்துகள். நாள் தவறாமல் கிடைக்கும் உணவுதான் பறவையை ஓரிடத்தில் நிலைக்கச் செய்கிறது. அது இரவில் ஓரிடத்தில் அடையும், காலையில் ஓரிடத்தில் உண்ணும். அந்த இரண்டுக்கும் நடுவே விமானப் பாதை குறுக்கிட்டால், நாளுக்கு இரண்டு முறை கூட்டமாக அதைக் கடக்கும். விமான நிலையத்திலிருந்து 13 கிலோமீட்டர் தொலைவுக்குள் குப்பைமேடுகள் இருக்கக் கூடாது என்று பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு அறிவுறுத்துவது இதனால்தான். விமான நிலைய வேலிக்குள் எத்தனை வெடி வெடித்தாலும், பறவையின் பசியை வேலிக்கு வெளியே நாம்தான் தீர்த்துக்கொண்டிருக்கிறோம்.

காக்கையைப் பற்றி ஒரு செய்தி உங்களுக்குப் பிடிக்கலாம். கிள்ளான் பக்கத்தில் நாம் காணும் வீட்டுக் காக்கை இந்த மண்ணுக்கு உரியதல்ல. 1890-களில் காப்பித் தோட்டங்களில் புழுவைத் தின்பதற்காக இலங்கையிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவற்றின் வழிவந்தது. நம் முன்னோரைப் போலவே அதையும் தோட்ட வேலைக்குத்தான் அழைத்து வந்தார்கள். காப்பி போய்விட்டது, காக்கை இருக்கிறது, நாமும் இருக்கிறோம்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் எலியை ஒழிக்க ஆந்தைப் பெட்டி வைத்திருக்கிறார்கள். விமானத்துக்கு ஆபத்து என்றால் நிர்வாகத்திடம் சொல்லி எடுக்கச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். அது கூகை, முகம் வெள்ளையாக, வெட்டிய பலாச்சுளையின் நடுப்பகுதிபோல் இருக்கும். செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் தின்னும் எலியை அது இரவு முழுவதும் வேட்டையாடுகிறது. எலிமருந்தைக் குறைப்பதற்காக நம் நாட்டுத் தோட்டங்கள் பல ஆண்டுகளாக வளர்த்துவரும் நண்பன் அது. உங்கள் தோட்டத்தில் எலி கிடைக்கும்வரை, அது ஓடுபாதையைத் தேடிப் போக வேண்டிய அவசியம் குறைவு.

சிக்கல் எங்கே என்றால், விமான நிலையத்தின் புல்வெளியிலும் எலி உண்டு, இரவில் மின்விளக்கைச் சுற்றிப் பூச்சி உண்டு. கூகை அரைக் கிலோ எடைதான். ஆனால் தரையை ஒட்டி, ஓசையின்றி, எதையும் கவனியாமல் எலியையே பார்த்துக்கொண்டு பறக்கும். அதனால்தான் விமான நிலையங்களில் புல்லின் உயரம்கூட ஒரு பெரிய விவாதம். பிரிட்டனில் 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை வளரவிடுகிறார்கள். உயர்ந்த புல்லில் கடற்பறவைக்கும் நாகணவாய்க்கும் இரை தேடுவது கடினம். நம் ஊர் வெயிலிலும் மழையிலும் புல் இரண்டு வாரத்தில் முழங்காலைத் தொடும், அதற்குள் எலி குடியேறும். அவர்கள் அளவை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. தோட்டத்தில் களை எடுத்த எவருக்கும் இது விளங்கும். சிப்பாங்கில் 1998-இல் விமான நிலையம் திறந்தபோதே அது செம்பனைக் காட்டுக்கு நடுவில்தான் இருந்தது. இன்றும் சுற்றிலும் பெரும்பகுதி அதுதான். ஆகவே தோட்டமும் விமான நிலையமும் ஒன்றையொன்று அறிந்துகொண்டு வாழ்வதைத் தவிர வேறு வழியில்லை. பெட்டிகள் விமானப் பாதையின் நேர்கீழே வேண்டாம் என்று இரு நிர்வாகங்களும் பேசிக்கொள்ளலாம். எடுத்துவிடுவது எலிக்குத்தான் இலாபம்.

கேள்வி: மார்ச் மாதத்தில் பருந்துகள் நூற்றுக்கணக்கில் வானத்தில் சுற்றுவதைப் பார்க்கிறோம். அப்போது பறப்பது ஆபத்தானதா?

பதில்: நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் தேன்பருந்து. சுமத்ராவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வடக்கே திரும்பும் வழியில், மலாக்கா நீரிணையின் ஒடுங்கிய பகுதியைக் கடந்து, போர்ட்டிக்சனுக்கு அருகிலுள்ள தஞ்சோங் துவானில் கரையேறும். நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவான கடல்தான், ஆனாலும் களைத்துப்போய்த் தாழ்வாகத்தான் வந்து சேரும். அதைப் பார்க்க ஆண்டுதோறும் அங்கே கூட்டம் கூடுகிறது. குடும்பத்தோடு ஒருமுறை போய்வாருங்கள்.

இப்பருந்துகள் இறக்கையை அடித்துக்கொண்டு பறப்பதைவிட, வெயிலில் சூடான நிலத்திலிருந்து எழும் காற்றில் ஏறிச் சுழன்று மிதக்கவே விரும்பும். காலை ஒன்பது மணிக்கு முன் அந்தக் காற்று எழாது, கடலின்மேலும் எழாது. ஆகவே இவை எப்போது, எந்த உயரத்தில் இருக்கும் என்பதை ஓரளவு முன்கூட்டிச் சொல்லிவிடலாம். எப்போது எழும் என்று சொல்ல முடியாத காக்கைக் கூட்டத்தைவிட இது ஒருவகையில் நல்லது. பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

கேள்வி: முதல் கேள்வி கேட்ட தண்டல் தாத்தாவின் பேரன் எழுதுகிறேன். இறங்கிய பிறகு எஞ்சினில் ஒட்டியிருந்த இறகை ஒருவர் சிறிய பையில் போட்டு எடுத்துப் போனதைக் கண்ணாடி வழியே பார்த்தேன். அதை என்ன செய்வார்கள்?

பதில்: கண்ணில் பட்டதைக் கேட்டாயே, நன்று. மோதல் நடந்த விமானத்தை இரண்டு பேர் கைவிளக்கோடு சுற்றிவந்து பார்ப்பார்கள். விசிறித்தகடு ஒவ்வொன்றையும் விரலால் தடவி, விளிம்பில் பள்ளமோ வளைவோ இருக்கிறதா என்று சோதிப்பார்கள். பிறகு, விரல் தடிமனுள்ள ஒரு குழாய்க் கேமராவை உள்ளே விட்டு உள்மையத்தைப் பார்ப்பார்கள். காய்ந்த இரத்தமும் தசையும் ஒட்டிக்கிடக்கும் அந்த எச்சத்துக்கு இத்துறையில் ‘ஸ்நார்ஜ்’ என்றே ஒரு பெயர் உண்டு. நாற்றம் தாங்காது. ஈரத்தாளால் துடைத்து, அந்தத் தாளையும் இறகையும் உறையில் போட்டு, நாளும் இடமும் எழுதி அனுப்புவோம்.

இறகைக் கொண்டு பறவையைக் கண்டுபிடிக்கும் கலையை வளர்த்தவர் ராக்சி லேபோர்ன் என்னும் அமெரிக்க அம்மையார். வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர். 1960 அக்டோபர் 4 அன்று பாஸ்டனில் மேலெழுந்த எலெக்ட்ரா விமானம் பறவைக் கூட்டத்தில் சிக்கி விழுந்து 62 பேர் இறந்தபோது, எஞ்சினில் கிடைத்த துணுக்குகள் அவரிடம் வந்தன. அவை ஸ்டார்லிங் என்று அவர் கண்டறிந்தார். இறகின் அடியிலுள்ள பஞ்சுபோன்ற இழைகளை நுண்ணோக்கியில் பார்த்தால், வாத்துக்கும் புறாவுக்கும் பருந்துக்கும் கணுக்கள் வெவ்வேறு வடிவத்தில் இருக்கும். இப்போது மரபணுச் சோதனையும் சேர்ந்துகொண்டது.

பெயர் தெரிந்து என்ன பயன் என்று கேட்பாய். ஓர் இரவு நான் எஞ்சின் வாயில் வெண்பஞ்சு போன்ற இறகைக் கண்டேன். பக்கத்திலேயே வடிகால், அதில் எப்போதும் கொக்கு; எனவே படிவத்தில் ‘கொக்கு’ என்று எழுதிவிட்டேன். என் எழுத்தை நம்பி, மறுவாரமே வடிகாலுக்கு வலை கட்டினார்கள். சில வாரங்கள் கழித்து ஆய்வகத்திலிருந்து பதில் வந்தது: கூகை. வலை கட்டிய வடிகாலை விட்டுவிட்டு, புல்வெளியில் எலிப்பொறி வைக்கப் போனோம்.